கடலைத் தடுத்த பலகை



கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது, மெம்ராம்குக் என்ற விவசாயக் கிராமத்தைப் பார்க்கக் கிடைத்தது. அங்கே பேச்சு பிரெஞ்சு. அந்த மக்களை அகாடியர் என்பார்கள்.

அவர்களுடைய பேர்போன சாப்பாடு பூட்டீன் ராப்பே. துருவிய உருளைக்கிழங்கில் பிடித்து அவித்த உருண்டை. உள்ளே பன்றி இறைச்சி என்று தெரிந்ததும், குறை நினைக்க வேண்டாம் என்று சொல்லித் தேநீரோடு நிறுத்திக்கொண்டோம்.

எங்களை அசையவிடாமல் நிறுத்தியது அவர்களுடைய வயல்தான். பக்கத்தில் ஃபண்டி விரிகுடா. உலகிலேயே மிக உயரமான வற்றுப்பெருக்கு அங்கேதான். சில இடங்களில் 16 மீற்றர் வரை ஏறும். அந்தக் கடலுக்கு எதிராக மண்ணணை கட்டி, அடியில் மரத் துருசு வைத்தார்கள். உள்ளே ஒரு தொங்கு பலகை. கடல் வற்றும்போது வயல்நீர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். பெருகும்போது கடல்நீரே தள்ளி மூடிவிடும். பிறகு இரண்டு மூன்று வருடம் மழை உப்பைக் கழுவ வேண்டும். அதன் பிறகுதான் விதைப்பு.

அப்படி உண்டாக்கிய நிலங்களிலிருந்து 1755 முதல் பிரித்தானியர் அகாடியரைக் கப்பலேற்றினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். வீடுகளும் எரிக்கப்பட்டன. 1764 இல் திரும்பி வர அனுமதி கிடைத்தபோது, பழைய நிலங்கள் பலவற்றில் வேறு ஆட்கள். மெம்ராம்குக் போன்ற இடங்களில் ஒதுங்கி, மறுபடியும் வாழ்க்கையைத் தொடங்கினார்கள்.

சரியாக நூறு வருடம் கழித்து, 1864 இல், பாதிரியார் கமில் லெஃபெப்வர் அங்கே ஒரு கல்லூரி தொடங்கினார். அகாடியப் பிள்ளைகள் சொந்த மொழியில் உயர்கல்வி படித்தார்கள். 1881 இல் அதே ஊரில் கூடிய முதல் அகாடியர் மாநாடு, ஓகஸ்ட் 15 ஐத் தங்கள் தேசிய நாளாகத் தீர்மானித்தது.

1990 ஒக்டோபரில் முசலியில் வயலை விட்டுப் புத்தளம் வந்தவர்கள் நாங்கள். அந்த அணையில் நின்றபோது வாப்பாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வயலுக்கு எந்தத் துருசால் தண்ணீர் வந்தது, எல்லை எது என்று அவரிடம் நாங்கள் கேட்டதே இல்லை. அவர் மௌத்தாகிவிட்டார். இனி யாரிடம் கேட்பது?

பெற்றோரிடம் ஓர் ஆசிரியராகக் கேட்கிறோம். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அப்பா, உம்மம்மாவின் பக்கத்தில் உட்கார வையுங்கள். வயல், குளம், பள்ளிவாசல், பக்கத்து வீட்டுக்காரர், எல்லாப் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். பாடசாலை தொடங்கியதும் அந்தக் கொப்பிகளை வகுப்பில் வாசிப்போம், இன்ஷா அல்லாஹ்.