ராத்திரித் தூக்கம் தந்த டாக்டர் அம்மாவுக்கு



நன்றியை நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ராத்திரி நாலைந்து தடவை ஒண்ணுக்கு எழுந்து, அதை வெளியே சொல்லக் கூச்சப்படும் பெரியவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

என் அப்பாவும் அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தார். அவர் விஷயத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 'வயசானா அப்படித்தான்' என்றார் ஒருவர். 'சர்க்கரையா இருக்கும்' என்றார் இன்னொருவர். 'புராஸ்டேட் வீக்கம், ஆபரேஷன்தான்' என்று முடிவே கட்டிவிட்டார் மூன்றாமவர். பயந்துபோன அப்பா பகலிலும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்.

நீங்கள் சர்க்கரை பார்த்தீர்கள், சிறுநீர்ப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தீர்கள். அதோடு விடாமல், மூன்று நாளைக்கு எப்போது, எவ்வளவு போகிறது என்று அளந்து எழுதி வரச் சொன்னீர்கள். 'இதையெல்லாமா அளப்பாங்க?' என்று முகம் சுளித்தாலும், மளிகைக் கடையில் கணக்கெழுதிய மனிதர் இல்லையா, நேரம் ஒரு பத்தி, மில்லி ஒரு பத்தி என்று கோடு போட்டு எழுதிவிட்டார்.

அதைப் படித்துவிட்டு நீங்கள் பார்த்தது அவர் காலைத்தான். கணுக்காலை விரலால் அழுத்தினீர்கள், குழி விழுந்தது. புராஸ்டேட் தொந்தரவென்றால் பெரும்பாலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். இவருக்கோ ஒவ்வொரு தடவையும் நிறையப் போகிறது என்றீர்கள். ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியிலேயே சுரக்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தில் கலந்து சிறுநீராக இறங்குகிறது. இதயத்திலும் சிறுநீரகத்திலும் கோளாறில்லை என்று உறுதிசெய்த பிறகு, பிரஷருக்குச் சாப்பிட்ட அம்லோடிபினும் காலை வீங்கவைக்கும் என்று மாத்திரையை மாற்றினீர்கள். குறட்டையைப் பற்றியும் கேட்டீர்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்களுக்கும் ராத்திரியில் சிறுநீர் கூடுமாம்.

மற்றபடி வைத்தியம் வீட்டிலேயே நடந்தது. சாயங்காலம் கொஞ்ச நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுக்கிறார். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயை அம்மா பரண்மேல் ஏற்றிவிட்டாள். சாயங்காலத்துக்குமேல் காபி கிடையாது. தண்ணீரைப் பகலில் குடித்துவிட்டு, படுக்கப்போகும் முன் குறைத்துக்கொள்கிறார். சிறுநீர் சுரப்பைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரையைத் தம்பி கேட்டபோது, 'வயசானவங்களுக்கு சோடியம் இறங்கிடும், இப்ப வேணாம்' என்று மறுத்தீர்களே, அதற்கும் ஒரு நன்றி.

இப்போது அப்பா ஒரு தடவைதான் எழுகிறார். இருட்டில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று தாழ்ப்பாள் சத்தத்துக்கே பதறிய அம்மாவும் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ஒரு முன்னறிவிப்பு: அடுத்த வாரம் உங்கள் ஓ.பி.யில் கூட்டம் கொஞ்சம் கூடும். கோயில் திண்ணைச் சிநேகிதர்கள் இருவருக்கு அப்பா அளவுக் குவளை வாங்கிக் கொடுத்து, கோடும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.


உங்கள் நோயாளியின் மகள்