மலைக்குப் போன சாதா டயர்

டோக்கியோவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம் போனால் குன்மா மாநிலம். அங்கே ஹருனா என்று ஒரு மலை. வழியில் இகாஹோ என்ற வெந்நீர் ஊற்று ஊர். ஊர் நடுவே 365 கல் படிகள். ஏறி முடித்தால் ஒரு வருஷம் ஏறின மாதிரிதான் இருக்கிறது.

நான் போனது குளிக்க இல்லை. டயர் பார்க்க. சிரிக்காதீர்கள்.

என் காலேஜ் நண்பன் டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மிச்சம் பிடித்து, செகண்ட் ஹாண்டில் ஒரு டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டான். 2013 மாடல், சிவப்பு. பின் ஸீட்டில் ஒரு லஞ்ச் பாக்ஸ் தாராளமாக உட்காரலாம்.

ஏர்போர்ட்டிலேயே புலம்பல் ஆரம்பித்துவிட்டது. "ஸ்போர்ட்ஸ் கார்னு பேரு. போட்டிருக்கிறது பிரியஸ் டயர்டா! ஒட்டிப் பிடிக்கிற டயரா நாலு போடப் போறேன். என் ஒரு மாச வாடகை போகும், போகட்டும்."

விஷயம் உண்மைதான். 2012-ல் இந்தக் கார் வந்தபோது 17 இஞ்ச் சக்கர மாடல்களில் மிஷலின் பிரைமஸி ஹெச்பி டயர். அகலம் 215 மில்லிமீட்டர். பிரியஸ் சிலவற்றிலும் இதே ரகம்தான். சிக்கனத்துக்குப் பேர்போன குடும்பக் கார் அது! நண்பனுக்கு முன் வைத்திருந்தவரும் தேய்ந்ததும் அதே ரகத்தையே வாங்கிப் போட்டிருந்தார்.

கஞ்சத்தனமா? நானும் பி.காம். என்பதால் கணக்குப் பார்த்தேன்.

காரை உருவாக்கிய தலைமை எஞ்சினியர் டெட்சுயா தடா ஆரம்பத்திலேயே மூன்று 'வேண்டாம்' சொன்னவர். டர்போ வேண்டாம். நான்கு சக்கர இழுவை வேண்டாம். அகலமான, அதிகம் ஒட்டும் டயர் வேண்டாம். இதில் ஒன்றைச் சேர்த்தால் மற்றது தானாக வந்து நிற்கும். டயர் அதிகம் பிடித்தால் 200 குதிரைசக்தி போதாது என்று தோன்றும். சக்தி கூடினால் பிரேக், ஸஸ்பென்ஷன் எல்லாம் தடிமனாகும். எடை ஏறும். கடைசியில் விலை ஏறி, நம்மைப் போன்றவர்கள் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே.

அக்கவுண்டன்ஸி பாஷையில், எஞ்சினும் சேஸிஸும் முதலீடு. டயர் நடப்புச் செலவு. எஞ்சினைத் தாழ்வாக உட்கார வைப்பதைக் கம்பெனிதான் செய்ய முடியும். டயரைத் தெருமுனைக் கடையில் நாமே மாற்றலாம். இருக்கிற பணத்தை எதில் போடுவார்கள்? 2012-ல் ஜப்பானில் இதன் மலிவான மாடல் 20 லட்சம் யென்னுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. ஏ.சி. கிடையாது. பம்பருக்குப் பெயிண்ட் கூடக் கிடையாது! 'மீதியை நீயே பார்த்துக்கொள் தம்பி' என்று அர்த்தம்.

காரின் பிறந்த வீடும் இதே குன்மாதான். ஓட்டா நகரத்து சுபாரு தொழிற்சாலை. பெயருக்கும் இந்த மலைக்கும் சொந்தம் உண்டு. 1983-ல் வந்த டொயோட்டா ஏஈ86-ஐ ஜப்பானியர் 'ஹச்சி-ரோக்கு', எட்டு-ஆறு, என்று கொஞ்சுவார்கள். 1995-ல் தொடங்கிய 'இனிஷியல் டி' படக்கதையில் டோஃபு கடைக்காரர் மகன் அந்தக் காரில்தான் விடியற்காலையில் மலையேறி சரக்கு கொடுப்பான். கதையில் மலைக்கு வேறு பெயர். அசல் இந்த ஹருனாதான். அந்தக் கதையைப் படித்துவிட்டு வந்தவர்கள் காட்டிய வேகத்தில், இப்போது சாலையில் ஆங்காங்கே வேகத்தடை மேடுகள்.

கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. மூன்றாவதில் நண்பன் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டான்.

"கீஈஈச்..."

முன் டயர்கள் அலறின. கார் வளைவை விட்டு வெளிப்பக்கம் நகர ஆரம்பித்தது. அங்கே ஒரு தகரத் தடுப்பு. அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. நான் குலதெய்வத்தின் பெயரை மறந்துவிட்டேன். நண்பன் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்தான். டயர் மறுபடி ரோட்டைப் பிடித்துக்கொண்டது.

ஸ்பீடாமீட்டரைப் பார்த்தேன். ஐம்பது கூட இல்லை.

கொஞ்ச தூரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவனே சொன்னான். "ஒட்டற டயரா இருந்தா இந்த ஸ்பீடுல மூச்சே விட்டிருக்காது இல்ல?"

"விட்டிருக்காது. நீயும் தைரியமா அடுத்த வளைவுல எழுபது போயிருப்பே. அது கையை விடறப்ப சொல்லிட்டு விடுமா?"

இந்தச் சாதா டயரின் நியாயம் அதுதான். எல்லை சீக்கிரம் வருகிறது, கத்திக்கொண்டு வருகிறது, திருத்திக்கொள்ள நேரம் தருகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பிரேக் போட்டால் நிற்க இன்னும் கொஞ்ச தூரம் வேண்டும். 2021-ல் 235 குதிரைசக்தியோடு வந்த ஜிஆர்86-ன் 18 இஞ்ச் சக்கர மாடலுக்குக் கம்பெனியே பைலட் ஸ்போர்ட் 4 என்ற நல்ல டயர் கொடுத்துவிட்டது. அகலம் மட்டும் அதே 215!

மேலே ஏரிப் பக்கம் சாலை நேரானது. திடீரென்று காருக்கு அடியிலிருந்து பாட்டு. ரேடியோ இல்லை, ஸார்! தாரில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். டயர் உரசினால் குழந்தைகளின் ஏரிக்கரைப் பாட்டு மெட்டாக வருகிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போக வேண்டும். கூடினால் சுருதி ஓடிவிடும்.

நண்பன் முள்ளை ஐம்பதிலேயே நிறுத்திக் கடைசி வரை கேட்டான்.

"டயர் எப்ப மாத்தறே?" என்றேன்.

"பாடற டயரை எவனாவது மாத்துவானா?" என்றான்.