கவுன்டரில் கேட்ட வரி

வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தது 1998-இல். கதை எழுதக் கற்றுக்கொண்டது அதற்குச் சில வருடம் கழித்து, எங்கள் கிளையில் பென்ஷன் வாங்கிய ஒருவரிடம். திருநெல்வேலி ரயில்வே பார்சல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சிறுபத்திரிகைகளில் கதை எழுதியவர். ஊருக்கே அவர் அண்ணாச்சி, எனக்கும் அப்படியே.

ஒரு நவம்பரில் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வந்தவர், நான் சலானின் முதுகில் எழுதிக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டார். "என்ன மேடம், கணக்கு இடிக்குதா?" கணக்கில்லை, கதை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே நான் எழுதி வைத்திருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தார். பிறகு, "ஒரு வருசத்துக்குக் கதையே எழுதாதீங்க தங்கச்சி. நாளைக்கு ஒரு வரி. நீங்க கேட்ட வரி. பேசினவங்க வாயில எப்படி வந்துதோ, அப்படியே" என்றார்.

அதுதான் என் முதல் பாடம். பல காலத்துக்கு ஒரே பாடமும் அதுதான். பெரிய நோட்டு வேண்டாம், சட்டைப்பைக்குள் போகிற அளவில் ஒன்று போதும் என்றார். ஆளின் பெயரோ ஊரோ கணக்கு விவரமோ அதில் ஏறக் கூடாது. "பேச்சை எடுங்க, ஆளை எடுக்காதீங்க" என்பதில் அவர் கறாராக இருந்தார். வங்கியில் வேலை பார்ப்பவளுக்கு அந்தக் கண்டிப்பு மிகவும் தேவை என்று இன்றும் நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை நோட்டைப் பார்ப்பார். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, பேசியவருக்கு வயது என்ன, எந்தப் பக்கத்து ஆள், வந்தது கோபத்திலா வெட்கத்திலா என்று கேட்பார். வரியை மட்டும் வைத்து அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அது நிற்கும். நான் விளக்க ஆரம்பித்தால் அடித்துவிடுவார். 'மகன் பணம் தர மறுத்துவிட்டதாக ஒரு அம்மா வருத்தப்பட்டார்' என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். அவங்க என்ன சொன்னாங்க என்று கேட்டார். யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "கேட்டேன். சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போய்ட்டான்." மறுப்பு, வருத்தம் என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அந்த வீடே தெரிந்தது. கதையில் உரையாடல் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது அன்றுதான். கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியை அண்ணாச்சி எனக்கு இரவல் கொடுத்ததும் அந்த நாட்களில்தான். அகராதி வாசிப்பது போல அதை யாரும் வாசிக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

பிறகு குழந்தை பிறந்தாள். கதை நின்றுபோயிற்று, பக்கம் பக்கமாக எழுதுவதெல்லாம் போயிற்று. ஆனால் ஒரு வரி நிற்கவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீட்டிலும் ஒரு வரிக்கு இடம் கிடைத்துவிடும். எழுதும் பழக்கத்தை விடியற்காலை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போகும் மாதத்தில் முதலில் பறிபோவது அந்த இரண்டு மணி நேரம்தான். பழக்கத்தின் அளவைச் சிறியதாக வைத்துக் கொடுத்ததற்காக அண்ணாச்சிக்கு நான் கடமைப்பட்டவள்.

வங்கியில் புரமோஷன் என்றால் சம்பளத்தோடு ஊர் மாற்றமும் வரும். ஆபீசரானால் எந்த மாநிலத்துக்கும் போடலாம். அதனாலேயே தேர்வு எழுதாமல் கடைசிவரை கவுன்டரில் இருந்துவிடுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், பல கிளைகளில் உண்டு. நானும் வேண்டாம் என்றே இருந்தேன். குழந்தை சிறியவள் என்று எல்லோரிடமும் சொன்னேன், அது உண்மைதான். இன்னொரு உண்மையும் இருந்தது: கவுன்டர்தான் என் காது. அதை விட்டு எழுந்தால் நோட்டில் எழுத என்ன இருக்கும்?

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். 10-ஆம் தேதி வங்கி திறந்தபோது வரிசை தெருமுனை தாண்டி நின்றது. டீ குடிக்கக்கூட எழ முடியாத வாரங்கள் அவை. அப்போதும் கேஷ் டேலி ஆகும்வரை காத்திருக்கும் நேரத்தில் ஒரு வரி எழுதிவிடுவேன். வயதான ஒரு பெண், துணியில் முடிந்திருந்த தாள்களை என் முன்னால் பிரித்து வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுக்குப் பானையில இருந்தது. என் மவனுக்கே இப்பத்தான் தெரியும்." எத்தனையோ பெண்களின் ரகசியச் சேமிப்பு அந்த மாதம் வீட்டார் கண்ணில் பட்டது. அதைப் பற்றி யார் எவ்வளவு எழுதினாலும் போதாது.

அடுத்த வருடம் கணவர் வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். மகளின் கல்லூரிச் செலவு எதிரே நின்றது. தேர்வு எழுதி ஆபீசரானேன். மகாராஷ்டிரத்தில் நாந்தேட் மாவட்டத்துக் கிளை ஒன்றில் போட்டார்கள். சோயாவும் பருத்தியும் விளைகிற ஊர்கள். பயிர்க்கடன் மேஜை எனக்கு. சுற்றிலும் மராத்தி. முதல் சில மாதங்கள் நோட்டு வெறுமையாகக் கிடந்தது.

அந்தச் சமயத்தில் மற்ற எழுத்தாளர்களின் வேலைக் கதைகளை ஆதரவு தேடிப் படித்தேன். நாஞ்சில் நாடன் மும்பையில் பிழைப்பு நடத்திக்கொண்டே தன் ஊரை எழுதினார். 1977-இல் வந்த 'தலைகீழ் விகிதங்கள்' அப்படி வந்தது. அ. முத்துலிங்கத்தின் 'அக்கா' வெளியானது 1964-இல். வேலை அவரைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. அடுத்த தொகுப்பு 'திகடசக்கரம்' 1995-இல்தான் வந்தது. இடையில் முப்பது வருடம். அந்த இடைவெளி எனக்குத் தந்த தைரியத்தை வேறு எந்த அறிவுரையும் தரவில்லை.

அண்ணாச்சி போனில் சொன்னது வேறு. "பாஷை தெரியலைன்னா கை என்ன செய்யுதுன்னு பாருங்க." பார்த்தேன். கடன் பத்திரத்தில் கட்டைவிரல் ரேகை வைத்தபின் அந்த மையை எங்கே துடைக்கிறார்கள்? பெரியவர்கள் தலைமுடியில் தேய்த்துக்கொண்டார்கள். இளைஞர்கள் சுவரில். ஒரு பெண் புடவைக் கொசுவத்தின் உள்மடிப்பைத் தேடிப் பிடித்து, மை வெளியே தெரியாமல் துடைத்தார். பக்கத்தில் நின்ற கணவர் அதற்குள் பணத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துவிட்டார். அன்று நோட்டில் இதை எழுதும்போதுதான், பேச்சு இல்லாமலும் ஒரு காட்சி நிற்கும் என்று தெரிந்தது. நான் எழுதியவற்றில் எனக்கு மிகப் பிடித்த கதை அங்கே எழுதியது. அதில் உரையாடல் மிகக் குறைவு. திருநெல்வேலியிலேயே இருந்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது மதுரையில் மண்டல அலுவலகத்தில் இருக்கிறேன். இங்கே கோப்புகள்தான், வாடிக்கையாளர் முகமே கண்ணில் படுவதில்லை. இருபது வருடச் சர்வீஸ் முடிந்துவிட்டதால் விருப்ப ஓய்வு கேட்கலாம், பென்ஷனும் உண்டு. வீட்டில் இருந்து முழுநேரமும் எழுதேன் என்று கணவரே சொல்கிறார். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோ வேலையை 1966-இல் விட்டவர். நினைத்தாலே ஆசையாக இருக்கிறது. ஆனால் விட்டு வந்தபின் அவர் எழுதிய 'கரைந்த நிழல்கள்' அந்தச் சினிமா உலகத்திலிருந்துதானே வந்தது என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

அண்ணாச்சிக்குக் கண் மங்கிவிட்டது. ஞாயிறுதோறும் போனில் வாசித்துக் காட்டுகிறேன், தட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொல்கிறார். ஓய்வு பற்றி அவரிடமும் கேட்டேன். வீட்டில் யார் பேசுவதைக் கேட்பீர்கள் என்றார். எனக்கும் அதுதான் கவலை. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. இந்த இடமாற்றத்துக்குக் கிராமக் கிளை கேட்டிருக்கிறேன். பதவி அதேதான், சம்பளம் அதேதான், பஸ் பயணம் அதிகம். அந்தக் கிளையில் மேனேஜர் மேஜைக்கும் கவுன்டருக்கும் நடுவில் சுவர் கிடையாது.