தாராசுரத்துக்கு ஒன்றரைக் கிலோ

சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம் பாங்க்கில் வந்து விழுந்த அன்று ராத்திரி, சாப்பாட்டுக்கு அப்புறம் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஃபுல் ஃபிரேம் காமிரா ஒண்ணு வாங்கலாம்னு பாக்கறேன்..."

"ஏன், இப்ப இருக்கிறதுல பாதி ஃபிரேம்தான் விழுதா?"

கேலிதான். ஆனால் பாருங்கள் ஸார், மிகச் சரியான கேள்வி! அந்தக் காலத்தில், 1914 வாக்கில், ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்கிற மனிதர் சினிமா பிலிமைப் படுக்கப் போட்டு, இரண்டு சினிமாக் கட்டங்களைச் சேர்த்து ஒரே கட்டமாக்கி, ஒரு குட்டிக் காமிரா செய்தார். 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். 1925-ல் லைக்கா என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. டிஜிட்டல் காமிராவில் அதே அளவுக்கு சென்ஸார் வைத்தால் அதுதான் ஃபுல் ஃபிரேம். என்னிடம் இருக்கிற நிக்கான் டி5600-ல் சென்ஸார் 23.5-க்கு 15.6. நான் பி.காம்., உடனே பெருக்கிப் பார்த்துவிட்டேன். ஃபுல் ஃபிரேமில் 42 சதவிகிதம். பாதிகூட இல்லை!

"சரி, அந்த மிச்சம் 58 சதவிகிதத்தில என்ன எடுக்கப் போறீங்க?" என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவளுக்கும் தெரிந்த பதில்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா காலமானபோது, பேப்பரில் போடவும் ஹாலில் மாட்டவும் ஒரு போட்டோ தேவைப்பட்டது. வீட்டில் காமிரா வைத்துக்கொண்டு அலைகிற மகன் நான். என் கம்ப்யூட்டரில் வேடந்தாங்கல் நாரை மட்டும் நானூறு இருந்தது. அப்பா ஒன்றுகூட உருப்படியாக இல்லை. கடைசியில் அத்தை பெண் கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவரை வெட்டி எடுத்துப் பெரிசு பண்ணினோம். இன்றைக்கும் அப்பா படத்தின் இடது ஓரத்தில் யாருடையதோ ஒரு சஃபாரி சட்டைத் தோள் தெரியும். யார் தோள் என்பதில் குடும்பத்தில் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் அம்மா அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எனக்காவது ஒழுங்கா ஒண்ணு எடுத்து வைடா. வேற யார் தோளும் வேண்டாம்."

மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வாங்குங்க. ஆனா முதல்ல வாடகைக்கு எடுத்துப் பாருங்க. பொண்ணு பாக்கற மாதிரி பஜ்ஜி சொஜ்ஜி சாப்ட்டுட்டு ஓகே சொல்ற விஷயமில்லை, ரெண்டு லட்சம்" என்றாள். எங்கள் வீட்டில் நிதி மந்திரி அவள்தான்.

காமிரா வாங்கப் போகிறேன் என்று வெளியே சொல்லிப் பாருங்கள். உங்கள் ஆபீஸிலும் ஒரு நிபுணர் இருப்பார், எங்கிருந்தோ முளைத்து வருவார். எனக்கு வாய்த்தவர் நான் முன்பு குப்பை கொட்டிய ஆடிட்டர் ஆபீஸின் சீனியர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் எடுப்பவர்.

"பாடி எதுனாலும் வாங்கு. லென்ஸ் மட்டும் 24-70, எஃப் 2.8. அதான் ராஜா. மத்ததெல்லாம் வெத்து."

ராஜாதான். விலையும் ராஜா விலை. கம்பெனி லென்ஸாகப் புதிதாக வாங்கினால் என் சீட்டுப் பணம் முழுவதையும் அது ஒன்றே விழுங்கிவிடும். ஆனாலும் ஆசை யாரை விட்டது? கோடம்பாக்கம் பக்கம் ஒரு வாடகைக் கடையில் ஆதார் ஜெராக்ஸும் அட்வான்ஸும் கொடுத்து, ஸோனி ஏ7-மூன்று, அந்த 24-70, கூடவே போனால் போகிறது என்று ஒரு சின்ன 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எல்லாம் இரண்டு நாளைக்கு எடுத்தேன். சின்ன லென்ஸைக் கடைப் பையன் பூண்டு உரிப்பதுபோல அலட்சியமாக எடுத்துப் பையில் போட்டான்.

"எங்கம்மா போலாம்? மெரீனா? மகாபலிபுரம்?"

"தாராசுரம்" என்றாள் அம்மா, யோசிக்காமல்.

கல்யாணமான புதிதில் அப்பா அவளை அங்கேதான் கூட்டிப் போனாராம். அப்பா கும்பகோணத்தில் குமாஸ்தாவாக இருந்த காலம். பக்கத்திலேயே அவளுடைய பழைய சிநேகிதி வீடு வேறு. ராத்திரி ரயில் ஏறி விடியற்காலை கும்பகோணத்தில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் டிகிரி காபியை டபராவில் ஆற்றிக் குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம். நாலு கிலோமீட்டர்தான்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்த்து அண்ணாந்தவர்கள் ஐராவதேசுவரர் கோயிலைப் பார்த்துக் குனிய வேண்டும். இரண்டாம் ராஜராஜன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. 2004-ல் இதையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் தஞ்சாவூரோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். முன் மண்டபமே தேர். கல்லிலே சக்கரம், இழுக்கக் குதிரை. தூண்களில் உள்ளங்கை அகலக் கட்டங்களில் ஆட்டமும் கதையும். கருவறைச் சுவரின் அடியில் பெரியபுராணத்து அடியார்கள் கதை வரிசையாக, குழந்தைகளுக்கான படக்கதை மாதிரி சின்னச் சின்னதாக ஓடுகிறது. புல்தரை, ஈரக் காற்று, தேன் நிறத்தில் கல். கும்பல் இல்லை. சனிக்கிழமை லீவுக்கு ஊட்டி ஊட்டி என்று பஸ் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் ஒருதரம் இங்கே வந்து பார்க்கலாம்.

இங்கே காமிராக்காரர்களுக்கு ஒரு சமாசாரம். தொல்லியல் துறைக் கோயில், ஆகவே ஸ்டாண்டு போட்டு எடுக்கத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். கருவறையில் எடுக்கவே கூடாது. எல்லாம் கைப்பிடியிலேயே ஆக வேண்டும்.

வெயிலில் 24-70 ராஜாதான், மறுக்கவில்லை. தேர்ச் சக்கரத்தைப் பக்கத்தில் நின்று 24-ல் முழுசாகப் பிடித்தேன். அப்படியே 70-க்குத் திருகி ஒரு நாட்டியக்காரியின் விரலைப் பிடித்தேன். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. அம்மா நேராக அதனிடம் போய் உள்ளங்கையால் ஒரு பக்கத்தை மறைத்து, "இப்ப பாரு யானை... இப்ப பாரு மாடு" என்று வித்தை காட்டினாள். அதையும் எடுத்தேன். கை மட்டும். முகத்துக்குக் காமிராவைத் திருப்பினால், அம்மா ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிடுகிறாள்!

ஒரு மணி நேரத்தில் கழுத்து நோக ஆரம்பித்தது. பாடி 650 கிராம், லென்ஸ் 886 கிராம். ஒன்றரைக் கிலோவுக்கு மேல். விளம்பரத்தில் யாரும் கழுத்தைப் பற்றிப் பேசுவதில்லை. போதும் என்று சின்ன லென்ஸை மாட்ட உட்கார்ந்தேன். பெரிய லென்ஸ் இடது கையில், சின்ன லென்ஸ் மடியில், மூடி வாயில்.

அப்போதுதான் அம்மா பலிபீடத்துப் படிகள் பக்கம் போனாள். தட்டினால் சுரம் பேசும் படிகள் என்பார்கள். இப்போது கம்பிக் கூண்டு போட்டுவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "உங்கப்பா இதுல கூழாங்கல்லை வச்சு ஸரிகம தட்டறேன்னு தட்டி, வாட்ச்மேன் விரட்டிட்டு வந்து... ஓடினோம் பாரு!" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பை அப்பா போனதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வாயில் மூடியோடு "ம்ம், ம்ம்" என்றேன். லென்ஸ் 'க்ளிக்' என்று உட்கார்ந்தபோது அம்மா பழையபடி ரேஷன் கார்டு.

உலகத்திலேயே உயர்ந்த காமிரா கையில் இருந்தும், படம் எடுக்க முடியாத நிலையில் இருந்தேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சிநேகிதி வீடு கோயிலிலிருந்து நடக்கிற தூரம். தாராசுரத்தில் பட்டு நெசவுக் குடும்பங்கள் ஏராளம். அந்த மாமி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள், அம்மாவிடம் தமிழ். ஓட்டு வீடு. உள் அறையில் தறி. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு, அதிலிருந்து ஒரு சதுரம் வெளிச்சம். மற்றதெல்லாம் இருட்டு. மாமி தறிமேடையில், அம்மா பக்கத்தில் மணையில். இரண்டு பேரும் ஒரு பழைய வாத்தியாரம்மாவை ரகசியக் குரலில் கிழித்துக்கொண்டிருந்தார்கள். நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

இங்கேதான் ஸார், என் இரண்டு லட்சத்துக்கான பரீட்சை நடந்தது.

சின்ன லென்ஸைத் திறந்தால் எஃப் 1.8. பேசுகிறவர்கள் முகம் கலையாமல் இருக்க 125-ல் ஒரு பங்கு வினாடி வேண்டும். ஐ.எஸ்.ஓ. 3,200 வந்தது. காமிரா தானாக அம்மாவின் கண்ணைக் கண்ணாடிக்குப் பின்னாலும் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டது. அந்த லென்ஸின் மோட்டார் கொஞ்சம் முனகும், கொஞ்சம் தாமதிக்கும். முனகட்டும். பதினெட்டுப் படம் எடுத்தேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். இதே வெளிச்சத்தில் ராஜா லென்ஸ், எஃப் 2.8-ல், ஏறக்குறைய 8,000 ஐ.எஸ்.ஓ. கேட்கும். என் பழைய நிக்கானில் கூடவே வந்த 18-55, அதன் நீள முனையில் எஃப் 5.6. அது கேட்பது 32,000-க்கு அருகில். அந்தக் காமிராவின் உச்சவரம்போ 25,600! பழைய காமிராவையும் கொண்டுபோயிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அம்மா முகத்தில் ரவை உப்புமா கிளறிய மாதிரி வந்தது. காமிராவுக்குள் கை நடுக்கத்தை அடக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். அம்மா தலையாட்டிப் பேசுவதை அடக்காது. அதை அப்பாவாலேயே அடக்க முடிந்ததில்லை.

இப்போது பி.காம். மூளை இன்னொரு கணக்கும் போட்டது, கொஞ்சம் சங்கடமான கணக்கு. சென்ஸாரைப் பெரிசாக்கினால் கிடைக்கும் வெளிச்சம் இரண்டேகால் மடங்கு. லென்ஸை 5.6-லிருந்து 1.8-க்கு மாற்றினால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அதாவது, என் பழைய காமிராவுக்கே ஒரு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கி மாட்டியிருந்தால், முக்கால் கிணறு தாண்டியிருப்பேன்! உங்களிடம் ஏற்கெனவே ஒரு காமிரா இருந்து, காசும் இழுபறியாக இருந்தால், முதலில் அதைச் செய்யுங்கள். ஃபுல் ஃபிரேம் எங்கேயும் ஓடிப்போகாது.

பின்னே நான் ஏன் அப்படிச் செய்யவில்லை? மீதிக் கால் கிணறுதான் காரணம். ஊருக்கு வந்து 3,200-ல் எடுத்ததைப் பெரிசு பண்ணிப் பார்த்தபோது, அம்மாவின் கன்னச் சுருக்கம் சுருக்கமாகவே இருந்தது, பிளாஸ்டிக்காக இல்லை. இதில் பாதி நியாயம், பாதி ஆசை. மனைவியிடம் நியாயத்தை மட்டும் சொன்னேன்.

பாடியைப் பழசாகத்தான் தேடினேன். காமிரா பாடி கம்ப்யூட்டர் மாதிரி. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு 40 சதவிகிதம் தேய்மானம் தருகிறார்களே, அதே வேகத்தில்தான் விலை சரியும். அந்த நஷ்டத்தை முதல் சொந்தக்காரர் படட்டும்! ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். லென்ஸைப் பழசாக வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சென்னைப் புழுக்கத்துக்கு லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்தி வலை மாதிரி படரும். இன்னொன்று, பாடியைவிட மவுண்ட் முக்கியம். அது சம்பந்தி வீடு மாதிரி, பிறகு மாற்றுவது கஷ்டம். ஸோனிக்கு டாம்ரான், சிக்மா என்று மலிவாக லென்ஸ் தருகிற பங்காளிகள் ஜாஸ்தி. நான் அந்தப் பக்கம் போனதற்கு அது ஒரு காரணம். நிக்கான்காரர்கள், கேனன்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். உங்கள் கையில் பிடித்துப் பார்த்து எது உட்காருகிறதோ அதுவே உசத்தி.

ராஜா லென்ஸ் வாங்கவில்லை. சீனியருக்கு அது நியாயமான லென்ஸ். மணமேடைக்கும் பந்திக்கும் நடுவில் லென்ஸ் மாற்ற அவருக்கு நேரமில்லை. எனக்கு இருப்பது ஒரு அம்மா. 50-ஐ மாட்டியே வைத்துவிட்டேன், கழற்றுவதில்லை. அகலமாக வேண்டுமென்றால் நாலடி பின்னால் போகிறேன். போன வாரம் அப்படிப் போய் சமையலறைத் தொட்டியில் இடித்துக்கொண்டேன். பாடியும் லென்ஸும் சேர்ந்து சீட்டுப் பணத்தில் பாதிக்குச் சற்று மேலே. மிச்சத்தை நிதி மந்திரி வாஷிங் மெஷினுக்கு ஒதுக்கிவிட்டாள்.

பதினெட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தேன். தறிக்குப் பக்கத்தில், வெளிச்சச் சதுரத்தின் ஓரத்தில், வாத்தியாரம்மாவைப் பற்றி ஏதோ பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்கப் போகிற அம்மா. படிக்கட்டில் தவறவிட்ட சிரிப்பு இல்லை இது. அதற்கு ஒன்றுவிட்ட தங்கை.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தாள். ஐ.எஸ்.ஓ., எஃப் நம்பர் எல்லாம் சொல்லத் தயாராக நின்றேன்.

"மூக்குத்தி நன்னா விழுந்திருக்கு" என்றாள். அப்புறம் படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தாள். "இது யார் தோள்?"

பார்த்தேன். மாமியின் தோள்.

"இருக்கட்டும், வெட்டாதே" என்றாள்.