தெருக்கோடிச் சுவர்

எங்கள் தெருக்கோடியில் இருந்த ஹாலோபிளாக் சுவரை ஒரு காலையில் ஜேசிபி வந்து தள்ளிவிட்டுப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது, அதற்குப் போக வர எங்கள் தெருதான் வழி என்பதெல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே பிள்ளையார் கோவில் முன்னால் கூட்டம்.

“இருநூறு வீடு வருதாம் சார். வீட்டுக்கு ஒரு காருன்னு வெச்சிக்கினாகூட நம்ம தெரு தாங்குமா? குப்பை வண்டி உள்ள வந்தாலே ஸ்கூல் வேன் பின்னாடி நின்னுக்கினு ஹாரன் அடிக்குது” என்றார் மாவு மில் வைத்திருப்பவர். ராத்திரியில் ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். “இது நம்ம தெரு. வழி உட முடியாதுன்னு மனு எழுதுங்க சார்” என்று வேலை என் தலையில் விழுந்தது. பணி ஓய்வு பெற்றவனின் கையில் பேனாவைக் கொடுத்துவிடுவது குடியிருப்போர் சங்கங்களின் மரபு.

எழுத உட்கார்ந்தால் முதல் வரியே ஓடவில்லை. ‘எங்கள் தெரு’ என்று எழுத எங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? இதைப் போட்டது யார், யாருக்குக் கொடுத்தார்கள், கோடியில் அந்தச் சுவரை எழுப்பியது யார்? மனுவை ஒதுக்கி வைத்துவிட்டு இதைத் தேடக் கிளம்பினேன்.

எங்கள் ஊரான புழலைத் தெரியாதவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவுக்குப் போகும் பழைய ஜி.என்.டி. ரோடு ஊரை நெடுக வகிர்ந்து போகிறது. மேற்கே ஏரிக்கரை. 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும் ஏரி, அந்தப் பக்கம் ஒரு சந்துகூட நீள முடியாது. தெற்கே சென்னை பைபாஸ் வந்து சேருகிறது. வடக்கே ஏரியின் உபரிநீர்க் கால்வாய். வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் என்று ஒவ்வொரு மழைக்காலமும் வெள்ள எச்சரிக்கையில் வாசிக்கப்படும் ஊர்கள் எல்லாம் அதன் கரையில் உள்ளவை. போதாததற்கு மத்திய சிறை. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய ஜெயில் 2006-இல் இங்கே இடம் பெயர்ந்ததிலிருந்து புழல் என்றாலே தமிழ்நாட்டுக்கு ஜெயில்தான். (பெண் பார்க்க வந்தவர்கள் விலாசம் கேட்டுச் சிரிக்கும் கதை இங்கே வீட்டுக்கு ஒன்று உண்டு.) இவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில்தான் நகர்களும் அவென்யூக்களும் முளைத்தன. பெரும்பாலானவற்றுக்கு வாசல் ஒன்றே ஒன்று. அது போய்த் திறப்பது ஜி.என்.டி. ரோட்டில், ஆந்திராவுக்குப் போகும் லாரிக்கும் செங்குன்றம் மில்லுக்கு வரும் நெல் லோடுக்கும் துறைமுகக் கண்டெய்னருக்கும் நடுவில்.

முதலில் என் கிரயப் பத்திரத்தை எடுத்தேன். நான்கெல்லையில் ‘வடக்கே 24 அடி அகலப் பொது ரோடு’ என்று இருந்தது. ரோட்டில் எனக்கோ வேறு மனைக்காரருக்கோ பங்கு என்று ஒரு வரியும் இல்லை. சரி, 24 அடியாவது இருக்கிறதா என்று டேப்பைப் பிடித்தால் சில இடங்களில் 18 அடிதான் தேறியது. மீதி ஆறு அடியில் வீட்டுப் படிகள், கார் ஏறுவதற்குப் போட்ட சிமெண்ட் சாய்வுகள், செப்டிக் டேங்க் மூடிகள், ஒரு செம்பருத்திச் செடி. மனுவில் ‘குறுகலான தெரு’ என்று எழுதும் முன் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்து சங்கத்தின் முதல் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். எண்பதைத் தொடும் வயது. மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரங்குப் பெட்டியிலிருந்து லேஅவுட் படத்தின் ஜெராக்ஸை எடுத்துத் தந்தார். ஓரத்தில் பஞ்சாயத்து முத்திரை. மனை எண்கள் இரு பக்கமும் வரிசையாக ஓடுகின்றன, நடுவில் தெரு. மற்ற தெருக்களின் கோடியில் குறுக்குக் கோடு போட்டு அடைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவின் இரண்டு கோடுகள் மட்டும் அடைபடாமல் காகிதத்தின் விளிம்புவரை போய் நிற்கின்றன. பின்னால் இருந்த நிலமும் ஒரு நாள் மனையாகும், அப்போது தெருவை நீட்டிக்கொள்ளலாம் என்று படம் வரைந்தவர் நினைத்திருக்கிறார்.

“அப்ப இந்தச் சுவரு?” என்றேன்.

“நாமதான் தம்பி கட்னோம். பின்னால காடு, பாம்பு வரும். ராத்திரில எவனாவது மோட்டாரைக் கழட்டிக்கினு அந்தப் பக்கமா ஓடிடுவான். வீட்டுக்கு இருநூறு ரூபா வசூல்.” சங்கத்தின் கணக்கு நோட்டையும் காட்டினார். செங்கல் விலை அதிகம் என்று ஹாலோபிளாக்குக்கு மாறியதுகூடப் பதிவாகியிருந்தது. அனுமதி வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, “பாம்பு யாரக் கேட்டு வந்துது?” என்றார்.

எங்கள் தெரு ஏன் அப்படி முடிந்தது என்பதற்குப் பதில் அந்த முத்திரையில் இருக்கிறது. 1971-இல் தமிழ்நாடு நகர ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அதன் கீழ்தான் சட்டபூர்வ அமைப்பானது. 1975 ஆகஸ்ட் 5-க்குப் பின் பெருநகரப் பகுதியில் நிலத்தை மனைகளாகப் பிரித்தால் அதன் அனுமதி வேண்டும். ஆனாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புறநகரில் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகள் தாராளமாக விற்றன. லேஅவுட்டுக்கு ஒப்புதல் தர பஞ்சாயத்துக்கு அதிகாரமே கிடையாது என்பது வாங்கிய பலருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இங்கே புழல் அப்போது ஒரு பேரூராட்சி. ஒட்டினாற்போல் சூரப்பட்டு, கதிர்வேடு, புத்தகரம் எல்லாம் தனித்தனி ஊராட்சிகள். தன் தெரு அடுத்த ஊரில் எங்கே போய்ச் சேரும் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. 2011-இல் இவற்றோடு சேர்த்து 42 உள்ளாட்சிகளைச் சென்னை மாநகராட்சியில் இணைத்தபோது, ஒன்றோடொன்று சேராத இந்தத் தெருக்களும் அப்படியே மாநகராட்சிக்கு வந்தன.

சட்டத்தில் இதற்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. பெருந்திட்டம் பெரிய சாலைகளைச் சொல்லும். அதற்குக் கீழே பகுதிவாரியாக ‘விரிவான வளர்ச்சித் திட்டம்’ தீட்டி உள்தெருக்களை முன்கூட்டியே வரைந்துவிட வேண்டும். பெருந்திட்டம் எழுபதுகளில் ஒன்றும் 2008-இல் ஒன்றுமாக வந்தது. விரிவான திட்டம் சில பகுதிகளோடு நின்றது. என் தேடலில் கிடைத்தவற்றில் இதைத்தான் முதல் குற்றமாக வைப்பேன். பில்டர் இரண்டாவதுதான்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது நினைவிருக்கும். பெண்ணின் கல்யாணத்துக்காக மனையை விற்க நினைத்தவர்கள் எங்கள் தெருவில் அப்போது தூக்கமில்லாமல் திரிந்தார்கள். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்து, பணம் கட்டி எல்லோரும் மூச்சு விட்டோம். அந்த ஏற்பாட்டில் தெருக்கள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் தெருவும் போயிருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் சங்கத்துக்காரர்களும் உண்டு. மனையைக் காப்பாற்றும் அவசரத்தில் தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆக, தெரு எங்களுடையது இல்லை. வழி விட மாட்டோம் என்று எழுத முடியாது. பில்டரிடம் பேசி, வழிக்குப் பதிலாகக் கோவிலுக்கு ஒரு மண்டபம் கட்டித் தரச் சொல்லலாம் என்ற யோசனையும் இத்தோடு அடிபட்டது. இங்கிலாந்தில் இப்படிப் பேரம் பேசுவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. புது நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு கீற்று இடத்தை விற்காமல் கையில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கீற்றுக்காரனுக்கு, வழி கிடைப்பதால் நிலத்துக்கு ஏறும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு என்று 1961-இல் கேம்பிரிட்ஜ் மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில் கணக்கிட்டார்கள். அதற்குக் கீற்று நம் பெயரில் இருக்க வேண்டும்.

இத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் பில்டரின் நிலத்துக்கு எங்கள் தெருவைத் தவிர வேறு வழியே இல்லையா என்ற கேள்வி மிச்சமிருந்தது. நிலத்தின் சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். நிலத்தின் பின்பக்கத்தை ஒட்டி இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று கிழக்கே, மாதவரம்–செங்குன்றம் சாலை இருக்கும் திசையில் ஓடுகிறது. ‘அ’ பதிவேட்டில் அது புறம்போக்கு, வண்டிப்பாதை. தரையில் போய்த் தேடினால் தொடக்கத்தில் ஒரு மாட்டுத் தொழுவம், நடுவில் குடோன் ஒன்றின் தகரக் கொட்டகை, அப்புறம் புதர்.

வண்டிப்பாதை பற்றிக் கேட்க, பழைய ஊருக்குள் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மாவிடம் அனுப்பினார்கள். “நெல்லு மூட்டை ஏத்திக்கினு எங்க மாமனாரு அந்த வழியாத்தான் செங்குன்றத்துக்குப் போவாரு. கட்டை வண்டி ரெண்டு எதிரும் புதிருமா வந்தாலும் ஒதுங்கும், அம்மாம் அகலம்” என்றார். எந்த நகர் என்று விசாரித்து, நான் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். “உங்க நகரு வந்தப்ப எங்க தெரு வழியாதாம்ப்பா மண்ணு லாரி வுட்டாங்க. ராவு பகலு தூக்கமில்ல. அப்ப நாங்களும் மனு குடுத்தோம்.” அந்த மனு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. எதிரில் நான் உட்கார்ந்திருந்ததே பதில்.

செங்குன்றத்துக்கும் சாலைக்கும் உள்ள உறவு இதைவிடப் பழையது. 1837-இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு ரயில்பாதை ஓடியது; இந்தியாவின் முதல் ரயில்பாதை அதுதான். ஏற்றிப்போனது ஆட்களை இல்லை, மதராஸின் சாலைகளுக்குப் போடக் கல்லை. ஊருக்கெல்லாம் ரோடு போடக் கல் கொடுத்த இடத்தில் இன்று இரண்டாவது வழிக்காக ஒரு மாட்டுவண்டித் தடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி விதிகள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இல் வந்தபோது, கட்டடத்தின் அளவை எதிரே உள்ள சாலையின் அகலத்தோடு முடிச்சுப் போட்டன. கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் தளப்பரப்பு 18 மீட்டர் சாலையில் 50 சதவீதம், 12 மீட்டரில் 40, 9 மீட்டரில் 30. நல்ல முடிச்சுதான். ஆனால் அது பார்ப்பது அகலத்தை மட்டும். அந்தச் சாலை எங்கே போய்ச் சேருகிறது, எதிர்முனையில் வாசல் உண்டா, ஏற்கெனவே எத்தனை வீடுகள் அதை நம்பியிருக்கின்றன என்பது அந்தச் சதவீதக் கணக்கில் வராது. ஒரு தெரு எவ்வளவு வண்டியை ஓடவைக்கும் என்பது வேறு, அங்கே குடியிருப்பவர்கள் வாழத்தக்கபடி எவ்வளவைத் தாங்கும் என்பது வேறு என்று காலின் பியூக்கனன் குழு பிரிட்டிஷ் அரசுக்கு எழுதிக் கொடுத்தது 1963-இல்.

அக்கம்பக்கத்தாரிடம் கேட்கும் வழக்கமும் இங்கே இல்லை. இங்கிலாந்தில் திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால் பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போகும், அல்லது இடத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். கருத்துச் சொல்ல 21 நாள். இங்கே 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுவதென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் அந்த அனுமதிக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையே கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தந்துவிட்டது. அதைவிடச் சிறியதென்றால் அந்தப் பேச்சே எழாது. சுவர் இடியும் சத்தம்தான் எங்களுக்கு வந்த நோட்டீஸ்.

இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னபோது ஆரம்பத்தில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. “பில்டருக்கு வக்கீலா சார் நீங்க?” என்றார் ஒருவர். வண்டிப்பாதையின் படத்தை விரித்த பிறகுதான் பேச்சு மாறியது. மாவு மில்காரர் குனிந்து பார்த்து, “இத்த தொறந்தா நமக்கும் ஒரு வழிதானே சார்? ஜி.என்.டி. ரோடு அடைச்சிக்கினா இந்தாண்ட பூந்து போயிடலாம்” என்றார். படிகளையும் சாய்வுகளையும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு வந்ததும் நாலைந்து பேர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் கையெழுத்தாகிப் போன மனுவில் ‘வழி விட மாட்டோம்’ இல்லை. வண்டிப்பாதை புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, புதுக் குடியிருப்புக்கு முதன்மை வழியாக அதைத் திறக்க வேண்டும். அதுவரை மண் லாரியும் ரெடிமிக்ஸ் வண்டியும் பள்ளி நேரத்தில் எங்கள் தெருவுக்குள் வரக்கூடாது. பத்திரத்தில் உள்ள 24 அடியை, எங்கள் படிகள் உட்பட, அளந்து கல் நட வேண்டும். குடி புக விடுமுன் மழைநீர் வடிகாலை இணைக்க வேண்டும். நகலை மாநகராட்சி மண்டலத்துக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் அனுப்பியிருக்கிறோம், அனுமதிக் கோப்பின் பிரதி கேட்டுப் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனுவும் போட்டிருக்கிறோம். பாதையை அளக்க சர்வேயர் இன்னும் வரவில்லை. குடோன்காரர் மட்டும் வந்து, எவ்வளவு நாளில் வருவார் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

புறநகரில் முட்டுச்சந்தில் வீடு வைத்திருப்பவர்கள் உங்கள் லேஅவுட் படத்தையும் பின்னால் உள்ள நிலத்தின் புல வரைபடத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஜேசிபி வருவதற்கு முன்னால் பாருங்கள்.