எந்தப் பாணியில் வீடு கட்டுவது?

புனேக்கு வந்து பதினாலு வருஷம் ஆச்சு. நம்ம ஆளுங்க எல்லாரையும் போல எனக்கும் ஊர்ல (தென்காசி பக்கம்) ஒரு வீடு கட்டணும்னு ஆசை. அப்பா மனை வச்சிருந்தார், லோனும் கிடைச்சது. சண்டை வந்தது எலிவேஷன்ல. எஞ்சினியர் அனுப்பின படத்துல வாசல்ல நாலு ரோமானியத் தூண், மேல ஒரு முக்கோணம். தம்பிக்கு ஒரே சந்தோஷம். "வெள்ளை மாளிகை மாதிரி இருக்குண்ணே!" அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் முகம் சுண்டிப்போச்சு. அவருக்கு வேண்டியது ஒரு திண்ணை. முப்பது வருஷம் கொத்தனாரா ஊரான் வீட்டையெல்லாம் கட்டினவர். எனக்கு என்ன வேணும்னு எனக்கே தெரியலை.

இந்தக் களேபரத்துக்கு நடுவுல 2019ல ஆபீஸ்ல மூணு மாசம் மியூனிக் அனுப்பி வச்சாங்க. தினமும் லுட்விக் தெரு வழியாத்தான் நடை. அங்கே பவேரிய அரசு நூலகம் இருக்கு. ரயில் பெட்டி கோர்த்த மாதிரி நீளமான செங்கல் கட்டடம், 1832ல ஆரம்பிச்சு 1843ல முடிச்சது. ஜன்னல் எல்லாம் வரிசையா அரைவட்ட வளைவு. கட்டினவர் ஃப்ரீட்ரிஷ் வான் கெர்ட்னர். கூட வேலை செய்யற ஜெர்மன்காரர்கிட்ட கேட்டேன். "ருண்ட்போகன்ஷ்டீல்" என்றார். தும்முறாரோன்னு நினைச்சேன் :-) உருண்டை வளைவுப் பாணின்னு அர்த்தமாம்.

தேடிப் படிச்சதுல ஹைன்ரிஷ் ஹூப்ஷ்னு ஒருத்தர் மாட்டினார். கார்ல்ஸ்ரூஹே ஊர்க்காரர்கிட்ட தொழில் படிச்சவர், கிரேக்கத்துக்கே போய்க் கோயில்களைப் பார்த்துட்டு வந்தவர். 1828ல ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தலைப்பு: 'எந்தப் பாணியில் நாம் கட்டுவது?' அட, எங்க வீட்டுச் சண்டை!

அன்னைக்கு அங்கே கிரேக்கத் தூண்தான் உசத்தி. ஹூப்ஷ் அதை ரசிக்கலைன்னு இல்லை. கணக்குதான் இடிக்குதுன்னார். ரெண்டு தூணுக்கு மேல ஒரு கல்லைப் படுக்கப் போட்டா, தூண் தள்ளித் தள்ளிப் போகப்போகக் கல்லு நடுவுல விரியும். அதனால தூணை நெருக்கி வைக்கணும், பெரிய பெரிய கல்லா வேணும். ஜெர்மனியில கிடைக்கறதோ மணற்கல்லும் செங்கல்லும். மழை, பனி வேற. சின்னக் கல்லையே ஒண்ணோடொண்ணு நெருக்கி வளைவா அடுக்கினா, அகலமான இடைவெளியையும் தாங்கும். ஆக வளைவுங்கறது அழகுக்கு மட்டும் இல்லை, கையில இருக்கற கல்லும் தலைக்கு மேல இருக்கற வானமும் சொல்ற வழி.

சொன்னதெல்லாம் சரி. ஆனா எல்லாரும் அப்படியா நடந்தாங்க? அதே கெர்ட்னர் அதே தெருவோட தெற்குக் கோடியில, 1841க்கும் 1844க்கும் நடுவுல, ஃபிளாரன்ஸ் நகரத்து மண்டபம் ஒண்ணைப் பார்த்து அப்படியே ஒரு மண்டபம் கட்டி வச்சிருக்கார். நூலக வாசல்லயும் காவலுக்கு நாலு கிரேக்கப் பெரியவங்க சிலை. ராஜா லுட்விக் ஆசைப்பட்டா கெர்ட்னர் என்ன செய்வார், பாவம். எங்க எஞ்சினியர் மேல இருந்த கோபம் அங்கேயே பாதி குறைஞ்சது.

அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டு, "வாசல்ல வளைவு வச்சுடலாமா?"ன்னேன், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"எதுக்குடா? இப்பதான் லிண்டல்ல கம்பி போடறோமே. கம்பி தாங்கிக்கும். வளைவுக்கு சாரம் கட்டி, சென்ட்ரிங் அடிச்சு... கூலி யாரு குடுக்கறது? சாரல் மேற்கேருந்து அடிக்கும். அந்தப் பக்கம் சன்ஷேடை ரெண்டரை அடி இழுத்து விடச் சொல்லு. திண்ணையை மறந்துடாதே."

ஹூப்ஷ் பேரு அவருக்குத் தெரியாது. நானும் சொல்லலை.

வீட்டுல இப்ப தூண் ரெண்டு இருக்கு, தம்பிக்காக. முக்கோணம் கிடையாது. அந்த ரெண்டும் சும்மா நிக்கலை, திண்ணைக் கூரையைத் தாங்குது. வருஷத்துக்குப் பத்து நாள்தான் நாங்க போறோம். மத்த நாள் பூரா அப்பா அதுல ஒரு தூண்ல சாய்ஞ்சுக்கிட்டு பேப்பர் படிக்கறார்.