பளு ஏறும்போது

வெறுமனே ஓடும்போது அந்த ஜெனரேட்டரிடம் ஒரு குறையும் தெரியவில்லை. கயிற்றை இரண்டாம் முறை இழுத்ததுமே உயிர்பெற்றது. சீராக முழங்கியது. மீட்டர் 230 வோல்ட் காட்டியது. விளக்கையும் வடிகட்டும் பம்பையும் மடிக்கணினியையும் இணைத்தபோதும் தாங்கியது. பிரீசரை இணைத்த மறுகணம் எல்லாம் மாறிற்று. இஞ்சினின் குரல் தாழ்ந்தது, விளக்கு மங்கியது, சைலன்சரிலிருந்து கரும்புகை கிளம்பியது. கம்ப்ரசர் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போனது.

இடம் லடாக்கின் ட்சோ மோரிரி ஏரிக்கரையிலுள்ள கோர்சோக் கிராமம். கடல்மட்டத்திலிருந்து 4,500 மீட்டருக்கும் மேலே. செப்டம்பர் மாத மாலை. ஏரியின் அடிமண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய வந்த மாணவி ஒருத்தியின் 18 நாள் உழைப்பு, 64 குப்பிகளாக அந்தப் பிரீசருக்குள் இருந்தது. இரவில் வெளியே உறைபனிதான். ஆனால் பகல் வெயில் சுட்டெரிக்கும். உறைந்து, உருகி, மீண்டும் உறையும் மண்ணில் செல்கள் உடையும், டிஎன்ஏ சிதையும். ஊர் மின்சாரம் அன்று அதிகாலையில் அற்றுப்போனது. சீராக இரண்டு நாளாகும் என்றார்கள். மூடியைத் திறக்காதிருந்தால் பிரீசர் ஒரு பகல் தாங்கும். அந்தப் பகல் முடிந்துகொண்டிருந்தது.

சமவெளியிலுள்ள பல்கலைக்கழகத்தில் இதே கருவிகள் அனைத்தையும் இதே ஜெனரேட்டர் ஒன்றாகச் சுமந்ததை அவள் கண்ணால் கண்டிருந்தாள். இங்கு வந்த அன்று ஒரு விளக்கை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தாள். ஆகவே, மலைப்பாதையின் குலுக்கலில் ஏதோ கெட்டுவிட்டது என்றே எண்ணினாள்.

முறையாகத்தான் தேடினாள். பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தாள். நீரும் இல்லை, கசடும் இல்லை. டாங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருந்தது. ஏர் ஃபில்டர் தூய்மையாக இருந்தது. சோக் முழுவதும் திறந்திருந்தது. பிறகு மீட்டரைப் பார்த்துக்கொண்டே பிரீசரை மறுபடி இணைத்தாள். மின்னழுத்தத்தோடு அலைவெண்ணும் 50 ஹெர்ட்ஸிலிருந்து வீழ்ந்தது. இவ்வகைச் சிறு ஜெனரேட்டர்களில் நிமிடத்துக்கு 3,000 சுழற்சி என்பதே 50 ஹெர்ட்ஸ். சுழற்சி குறையாமல் வோல்ட் மட்டும் விழுந்தால் குற்றம் மின்பகுதியில் இருக்கும். இரண்டும் சேர்ந்து விழுந்தால் இஞ்சினில்தான் தேட வேண்டும். கவர்னரின் நெம்புகோலோ திராட்டிலை முற்றாகத் திறந்தே பிடித்திருந்தது. கேட்க வேண்டியதை அது கேட்டுவிட்டது. கொடுக்கத்தான் இஞ்சினிடம் இல்லை.

மிஞ்சியது கார்புரேட்டர். பளுவின்றி ஓடும்போது இஞ்சினுக்குச் சிறு துளையின் எரிபொருளே போதும். பளு ஏறும்போதுதான் முதன்மை ஜெட்டின் துளை வேலைக்கு வரும். அது அடைபட்டால் இதே நோய்தான் தோன்றும். ஆகவே ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினாள். துளை வழியே வானம் தெரிந்தது. அடைப்பு இல்லை. ஊதி முடித்தவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. சுவரில் சாய்ந்து நின்றாள்.

காற்று பலத்தது. குளிரால்தான் இஞ்சின் திணறுகிறதோ என்ற ஐயம் அப்போது எழுந்தது. சமையலறையை ஒட்டிய கிடங்குக்குள் அதை நகர்த்தத் தொடங்கினாள். அதுவரை திண்ணையில் பேசாமல் அமர்ந்திருந்த வீட்டுக்காரப் பெரியவர் எழுந்து வந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். ஊரார் அவரை மேமே என்பார்கள். லடாக்கி மொழியில் தாத்தா. முப்பது ஆண்டுகள் மலைப்பாதைகளில் லாரி ஓட்டியவர்.

"உள்ளே கொண்டுபோகாதே."

"கதவைத் திறந்தே வைக்கிறேன், மேமே."

"திறந்த கதவை நம்பிப் படுத்தவர்களை நான் தூக்கிப் போட்டிருக்கிறேன். இந்தப் புகைக்கு மணமில்லாத ஒரு பாதி உண்டு, மகளே. அது தூங்குகிறவனை எழுப்பாது."

அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான். கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவள் பாடத்தில் படித்ததே. ஆக்சிஜனுக்கு ஏற்கெனவே பஞ்சமான உயரத்தில் அது என்ன செய்யும் என்று எண்ணியபோது, பெட்ரோல் படிந்த விரல்கள் சில்லிட்டன. ஜெனரேட்டரை வீட்டை விட்டு இன்னும் தள்ளி, காற்று வீட்டுப்பக்கம் அடிக்காத இடத்தில் வைத்தார்கள்.

பின்னர் மேமே ஒரே ஒரு சோதனை செய்தார். பளு ஏறிய நிலையில் சோக்கைச் சற்றே மூடச் சொன்னார். எரிபொருள் போதாமல் திணறும் இஞ்சினாக இருந்தால் இப்போது தேறும். இதுவோ மேலும் கரும்புகை கக்கி அணையப் பார்த்தது. நிறுத்தி, ஆறவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் முனையில் உலர்ந்த கரி அப்பியிருந்தது.

"எதுவும் கெடவில்லை. இதற்கு மூச்சு போதவில்லை. எண்ணெயை மட்டும் ஊரில் குடித்த அளவுக்கே குடிக்கிறது."

அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 57 விழுக்காடு. ஒவ்வொரு நாளும் அந்த அளவைக் களக்குறிப்பேட்டில் எழுதியவள் அவள்தான். ஏரி நீருக்கு அது பொருந்தும், சோறு வேகாமைக்குப் பொருந்தும் என அறிந்திருந்தாள். இந்த இயந்திரமும் அதே காற்றைத்தான் உள்ளிழுக்கிறது என்பது மட்டும் தோன்றவில்லை. அடர்ந்த காற்றுக்கென அளந்து துளையிட்ட ஜெட் இங்கே எரிபொருளை மிகையாக விட்டது. ஜெட்டைச் சரிசெய்தாலும், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இஞ்சினின் திறனில் சுமார் 3.5 விழுக்காடு குறையும் என்பது பொதுக் கணக்கு. தகட்டில் 2,000 வாட் என்று பொறித்திருந்த ஜெனரேட்டரிடம், இங்கே 950 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பிரீசர் ஓடுவதற்கு 120 வாட்தான். ஆனால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். மற்றவையெல்லாம் முன்பே 300 வாட்டைத் தின்றுகொண்டிருந்தன.

விளக்கு, பம்பு, மடிக்கணினி மூன்றையும் பிடுங்கினாள். பிளக்கைத் துடைத்துப் பொருத்தி, இஞ்சினை நன்கு சூடேறவிட்டு, பிரீசரை மட்டும் இணைத்தாள். இஞ்சின் தாழ்ந்தது; நின்றுவிடும் போலிருந்தது; பிறகு மெல்ல நிமிர்ந்தது. கம்ப்ரசரின் சீரான ரீங்காரம் இருட்டில் கேட்டது. இருவரும் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வெண்ணெய்த் தேநீர்க் கோப்பையை நீட்டியபடி மேமே கேட்டார்: "வந்த அன்று இரண்டு நாள் படுத்திரு என்றேன். ஏன் கேட்கவில்லை?"

அவளிடம் மறுமொழி இல்லை. ஊரில் நாள்தோறும் 5 கிலோமீட்டர் ஓடியவள், இங்கே மண் குழாயைத் தோளில் சுமந்து கரையேற நான்கு இடத்தில் உட்கார்ந்தாள். தலைவலியை மறைத்தாள். தனக்குள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று நம்பி, அதை எவரும் காணாதிருக்க மேலும் சுமந்தாள். இயந்திரத்துக்குள் இல்லாத பழுதைத் தேடியதுபோலவே, தனக்குள்ளும் 18 நாளாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை, லே நகரிலிருந்து வந்த வண்டியில் சிறு துளையுள்ள ஜெட் ஒன்றை மெக்கானிக் கொடுத்தனுப்பினார். அதைப் பொருத்தியதும் கரும்புகை நின்றது. விளக்கையும் சேர்த்தே தாங்கியது. பம்பை மட்டும் கம்ப்ரசர் ஓயும் நேரம் பார்த்து ஓட்டினாள். குப்பிகள் உருகவில்லை.

புறப்படும் நாளில், கழற்றிய பழைய ஜெட்டை மேமே ஒரு தீப்பெட்டியில் இட்டு, ஜெனரேட்டரின் கைப்பிடியில் நூலால் கட்டினார். "கீழே போனதும் மறக்காமல் மாற்று. அங்கே காற்று அதிகம். இந்தச் சின்னத் துளையோடு ஓட்டினால் எண்ணெய் போதாமல் சூடேறி வெந்துபோகும்."

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அவள் முதலில் செய்தது அதுதான். சின்ன ஜெட்டை அதே தீப்பெட்டியில் வைத்து, அதே நூலால் கட்டினாள். பிறகு 2,000 வாட் என்று பொறித்த தகட்டின் கீழே, அடுத்து அதைத் தூக்கிச் செல்பவருக்காக, அழியாத மையால் எழுதினாள்: 4,500 மீட்டரில் 950. பழுதன்று.